கிடங்கு: கிராவல் பள்ளங்களும் ‘தரிசு’ என்கிற சொல்லும்

திண்டிவனம் நகருக்குள்ளேயே கிடங்கில் என்று ஒரு பகுதி இருக்கிறது. சிறுபாணாற்றுப்படை பாடும் ஓய்மாநாட்டு நல்லியக்கோடனின் ஊர்களுள் ஒன்று அது. கிடங்கு என்றால் அகழி, பள்ளம். பெயர்ப்பொருத்தம் என்று சிரித்துக்கொள்ளலாம். இன்றைக்கு மயிலம் பக்கமோ வானூர்ப் பக்கமோ பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து போகிறவர் பார்ப்பதெல்லாம் கிடங்குகள்தான். செங்குத்தாக வெட்டப்பட்ட சிவப்புச் சுவர்கள். நடுவில் ஒரு மின்கம்பமோ ஒற்றைப் பனையோ தன் காலடி மண்ணோடு மட்டும் தீவாக நிற்கும். கீழே தேங்கின தண்ணீர், ஓரத்தில் வேலிகாத்தான் முள்.

எங்கள் ஊர் எல்லையிலும் அப்படியொரு பள்ளம் உண்டு. ஏறக்குறைய நாலு ஏக்கர். கணக்கில் ‘தீர்வை விதிக்கப்படாத தரிசு’. ஊர்க்காரர்கள் புழங்கியது மேய்ச்சலுக்கு. ரோடு அகலப்படுத்தியபோது எடுத்தார்கள். எடுத்தவர் போய்விட்டார், பள்ளம் இருக்கிறது. ஓர் ஐப்பசியில் எட்டாம் வகுப்புப் பையன் ஒருவன் அதில் மூழ்கிச் செத்தான். அதற்குப் பிறகுதான் நாங்கள் சிலர் (இரண்டு ஆசிரியர்கள், ஒரு டிராக்டர் டிரைவர், சங்க வேலை பார்க்கிற ஒரு தம்பி) இந்தப் பள்ளத்தை என்ன செய்யலாம் என்று பேச ஆரம்பித்தோம். அந்தப் பேச்சில் திரும்பத் திரும்ப ஒரே வாக்கியம் வந்து விழுந்துகொண்டிருந்தது. மண் எடுத்த தரப்பு ஆள் சொன்னார்: “அங்க என்னா சார் இருந்துச்சு? வெறும் தரிசு.” கணக்கைப் புரட்டிப் பார்த்தவர் சொன்னார்: “தரிசுன்னுதான் சார் போட்டிருக்குது.” நம்ம தம்பியும் சொன்னான்: “தரிசா கெடந்த எடம்தானே தோழர், குளமா ஆக்கிடலாம்.” மூன்று பேரும் மூன்று அரசியல். சொல் மட்டும் ஒன்று.

அந்தச் சொல்லுக்கு அடியில் என்ன மண் இருந்தது என்பதுதான் இங்கே நான் விளக்க முயல்வது.

*

ஒரே மண்ணுக்கு இந்த வட்டாரத்தில் எத்தனை பெயர் என்று பாருங்கள். திண்டிவனத்தில் ஓர் எண்ணெய்வித்து ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. 1940இல் வெளியான டி.எம்.வி.2 நிலக்கடலையை இந்தியாவில் தெரியாத மானாவாரி விவசாயி குறைவு; அந்த டி.எம்.வி. என்பது திண்டிவனத்தின் சுருக்கம். அந்த நிலையத்துக்கு இது மணற்பாங்கான செம்மண், கடலை காய்ப்பதற்கு ஏற்ற பொலபொலப்பு. சாலை போடும் பொறியாளருக்கு இதே மண் கிராவல். வருவாய்த்துறைக்குத் தரிசு. நிலவியலாளருக்குப் பாறையின் மேல்தோல். ஆடு மேய்க்கிற ஆயாவுக்குக் ‘காசாங்காடு’. இந்த ஐந்து பெயர்களும் சமமான பெயர்கள் அல்ல. இவற்றில் இரண்டுக்கு மட்டுமே பொக்லைனை வரவழைக்கிற அதிகாரம் உண்டு.

பள்ளத்தின் சுவர் ஒரு வகையில் நல்ல ஆசிரியர். சும்மா பார்த்தாலே பாடம் கிடைக்கும். மேலே ஒரு சாண் உயரம் வெளிர்சிவப்பு மண்: வேர், எறும்பு வளை, கறையான் தடம், மக்கிய இலை. அதன்கீழ் முழங்கால் ஆழத்துக்குக் களி கலந்த அடர்சிவப்பு. அதன்கீழ்தான் கிராவல். கடலை அளவிலும் நெல்லிக்காய் அளவிலும் செம்புறாங்கல் உருண்டைகள், இடையிடையே வெங்கச்சாங்கல். அதற்கும்கீழ் மஞ்சளும் வெள்ளையுமாக, விரலால் நசுக்கினால் உதிரும் மக்கிய பாறை. கடைசியில் கருங்கல். திண்டிவனம், செஞ்சிப் பக்கம் இப்படி. வானூர்ப் பக்கம் அடியில் கருங்கல் கிடையாது. கடலூர் மணற்கல் என்று நிலவியலாளர்கள் பெயர் வைத்திருக்கும் படிவு. அதன் வயதுக்குச் சாட்சி திருவக்கரையில் கிடக்கிறது, சுமார் இரண்டு கோடி ஆண்டுகளுக்கு முந்திய கல்மரங்கள். சொன்னரா என்கிற பிரெஞ்சுக்காரர் 1781லேயே அவற்றைப் பற்றி எழுதிவிட்டார். 1940இல் பூங்காவாக்கி வேலி போட்டார்கள். வேலிக்கு உள்ளே கல்லாகிப்போன மரத்துக்குப் பாதுகாப்பு. சுற்று வட்டாரத்தில் கல்லுடைக்கும் கிரஷர்களின் வெள்ளைப் புழுதி. செத்த மரத்துக்கு வேலி போடுகிற சமூகம் நாம்.

அந்தச் செம்புறாங்கல் உருண்டைகள் எப்படி வந்தன? மழைக்காலத்தில் மண்ணுக்குள் நீர் நிரம்பிக் காற்று அற்றுப்போகிறபோது இரும்பு கரைந்து நகர்கிறது. கோடையில் நீர் வற்றிக் காற்று உள்ளே வரும்போது அதே இரும்பு துருவாகிப் படிகிறது. அடுத்த வருஷம் மறுபடி. ஒரு மணியைச் சுற்றி இன்னொரு தோல். இப்படி எத்தனை ஆயிரம் ஐப்பசிகள், எத்தனை ஆயிரம் சித்திரைகள்! அதை ஒரு யூனிட் இவ்வளவு என்று விலைபேசி அரைமணி நேரத்தில் டிப்பரில் ஏற்றிவிடுகிறோம்.

இன்னொன்று, இதுதான் முக்கியம். கிராவலும் அதன்கீழ் உள்ள மக்கிய பாறையும் ‘செத்த கல்’ அல்ல. வடகிழக்குப் பருவமழையில் விழுகிற நீர் மேல்மண்ணில் நிற்பதில்லை, இறங்கி இந்த மக்கிய பாறையின் இடுக்குகளில் தங்குகிறது. ஆழவேர்ச் செடிகள் கோடை முழுக்க அதைத்தான் குடிக்கின்றன. மிச்சம் கிணற்றுக்கு. மண் எடுத்த பள்ளத்தைச் சுற்றியிருக்கும் கிணறுகள் ஏன் சீக்கிரம் வற்றுகின்றன என்று ஊரில் ஆளுக்கொரு காரணம் சொல்கிறார்கள். லாரியில் போனது ஒரு தண்ணீர்த்தொட்டி என்று ஒருத்தரும் சொல்வதில்லை.

*

இந்த மண்ணில் என்ன வளர்ந்தது? பாடப்புத்தகத்தில் காடு என்றால் ஒன்று மழைக்காடு, இல்லாவிட்டால் இலையுதிர்காடு. இந்தக் கரையின் காடு இரண்டிலும் சேராது. சாம்பியன் என்கிற வெள்ளைக்கார வன அதிகாரி 1936இல் இந்தியக் காடுகளை வகைப்படுத்தியபோது இதற்கு வைத்த பெயர் தமிழில் ‘வெப்பமண்டல வறண்ட பசுமைமாறாக் காடு’. வறட்சியும் பசுமைமாறாமையும் ஒரே பெயரில்! வருஷத்தில் ஆறேழு மாதம் மழையே கிடையாது, பெய்கிற மழையில் பெரும்பங்கு ஐப்பசி, கார்த்திகையில் கொட்டித் தீர்ந்துவிடும், அப்படியும் இலை உதிர்க்காமல் நிற்கிற மரங்கள். இலை சின்னது, தடித்தது, தோல் போன்றது. மரம் உயரமில்லை, இரண்டு மூன்று ஆள் உயரம், சில இடங்களில் அதற்குமேல். நெருக்கம். ஆள் நுழைய முடியாத புதர்.

இந்த ‘ஆள் நுழைய முடியாத’ தன்மைதான் அதற்கு வினையாக வந்தது என்று நினைக்கிறேன். பொதுப்புத்தியில் காடு என்றால் ஓங்கிய மரம், நிழல், யானை. முட்புதரைக் காடு என்று ஒப்புக்கொள்ள நமக்கு மனசு வராது. இலக்கியத்திலும் கதை அதேதான். பாலையை ஒரு தனி நிலமாகக் கொள்ளாமல் முல்லையும் குறிஞ்சியும் வெயிலில் திரிந்து அடைகிற நிலையாகச் சொல்கிறது சிலப்பதிகாரம். திரிபு, அதாவது ஒரு கோளாறு. பாலை என்ற பெயரிலேயே ஒரு மரம் இந்தக் காட்டில் பசுமையாக நிற்கிறது, இனிக்கிற பழம் தருகிறது. திணைக்குப் பெயர் கொடுத்தது இந்தப் பாலையா வேறு பாலையா என்று புலவர்கள் சண்டை போட்டுக்கொள்ளட்டும். வறண்ட நிலத்தை இல்லாமையால் மட்டுமே வரையறுக்கிற பழக்கம் வெள்ளைக்காரன் கொண்டு வந்தது மட்டுமல்ல என்பதற்காகச் சொல்கிறேன்.

ஆனால் அந்தப் பழக்கத்தைக் கணக்குப் புத்தகமாக்கியது ரயத்துவாரிதான். எது வரி தருமோ அது நிலம், தராதது தரிசு, கணக்கின் எல்லைக்கு வெளியே போனது புறம்போக்கு. புறம்போக்கு என்பது இன்றைக்கு வசவுச் சொல்லாகிவிட்டதை யோசித்துப் பாருங்கள். உழாத நிலம் வீணான நிலம் என்று லாக் முதலானோர் இங்கிலாந்தில் எழுதிய தத்துவம் நம்ம ஊர்க் கணக்குப்பிள்ளையின் பதிவேட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. சுதந்திரத்துக்குப் பிறகும் அந்தப் பதிவேடு மாறவில்லை. 1985இல் மைய அரசு தேசியத் தரிசுநில மேம்பாட்டு வாரியம் அமைத்தபோது ‘தரிசு’ என்பது மேம்படுத்தப்பட வேண்டிய நோயாகவும் ஆனது. மருந்து தைலமரம்.

இங்கே நான் ஒரு பக்கம் மட்டும் பேசினால் தப்பாகிவிடும். இதே ‘தரிசு’ என்கிற வகைக்குள்ளிருந்துதான் 1892 அரசாணைக்குப் பிறகு தாழ்த்தப்பட்ட மக்களுக்குப் பஞ்சமி நிலம் ஒதுக்கப்பட்டது. செங்கல்பட்டு கலெக்டராக இருந்த ட்ரெமென்ஹியர் 1891இல் எழுதிய அறிக்கை அதற்குப் பின்னணி. அந்த நிலங்கள் கைமாறிப்போனதும், அவற்றை மீட்கக் கேட்டு 1994இல் காரணையில் நடந்த போராட்டமும், துப்பாக்கிச்சூட்டில் ஜான் தாமஸ், ஏழுமலை இருவரும் உயிர்விட்டதும் இந்தப் பத்திரிகையின் வாசகர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே ‘தரிசு’ பறித்த சொல் மட்டுமல்ல, கொடுத்த சொல்லும்தான். நிலமற்றவனுக்குக் கொடுக்கும்போதும் ‘வேறு யாருக்கும் வேண்டாத நிலம்’ என்றுதான் கொடுத்தார்கள் என்பது வேறு விஷயம். சூழலியல் பேசுகிற நண்பர்கள் ‘தரிசைக் காடாகவே விடு’ என்று சொல்லும்போது இந்த வரலாற்றை மறந்துவிடுகிறார்கள். உழுவதற்கு நிலம் கேட்கிறவனை அந்தப் பேச்சு எதிரியாக்கிவிடும். கிராவல் பள்ளம் உழவுக்கும் ஆகாது காட்டுக்கும் ஆகாது என்று இரண்டு பேரையும் ஒரேயடியாக வெளியே தள்ளிவிட்ட இடம். அதனாலேயே இரண்டு பேரும் சேர்ந்து நிற்க வாய்ப்புள்ள இடமும் கூட.

*

இனி எங்கள் முட்டாள்தனத்தைச் சொல்கிறேன். முதல் வருஷம் ஜூன் 5ஆம் தேதி, உலகச் சுற்றுச்சூழல் நாள், மாணவர்களை அழைத்துப்போய் முந்நூறு கன்று நட்டோம். புங்கன், வேம்பு, தூங்குமூஞ்சி. போட்டோ எடுத்தோம். ஆடி பிறக்கும்போது பச்சையாக இருந்தவை இருபதுகூட இல்லை. ஆடு ஓட்டிக்கொண்டு வந்த ஆயா கரைமேல் நின்று பார்த்தது. “ஏன் வாத்தியாரே, கத்திரி வுட்ட மறுவாரமே எவனாச்சும் செடி வெப்பானா? மழ எப்ப வரும்னு ஒங்க புக்குல போடலியா?”

போடவில்லை. ஜூன் 5 கேரளத்துக்குச் சரியாக இருக்கலாம். நமக்கு மழை அக்டோபரில். வடகிழக்குப் பருவமழைக் கரையில் ஜூனில் செடி வைப்பது சடங்கு.

பருவம் மட்டும் தப்பில்லை. பள்ளத்தின் தரையே தரையில்லை. மேல்மண் போனதோடு நுண்ணுயிர், விதை, மக்கு எல்லாம் போய்விட்டன. பல மரங்களின் வேரோடு ஒட்டி வாழ்ந்து மணிச்சத்தை உறிஞ்சிக் கொடுக்கிற பூஞ்சை ஒன்று உண்டு, அதுவும் இல்லை. இருக்கிற கொஞ்சம் மணிச்சத்தையும் சிவப்பு மண்ணின் இரும்பு இறுகப் பிடித்து வைத்துக்கொள்ளும். இதற்கு மேல் பொக்லைனும் டிப்பரும் மாதக்கணக்கில் ஏறி இறங்கி அழுத்திய இறுக்கம். நாங்கள் தோண்டிய ஒன்றரை அடிக் குழிகளில் மழைநீர் இறங்காமல் நின்று வேர் அழுகியது; வெயில் வந்ததும் அதே மண் சிமெண்டாகி வேரை நெரித்தது. செடிக்குத் தொட்டி கட்டிக் கொடுத்து அதிலேயே சாகடித்தோம் என்றுதான் சொல்லவேண்டும்.

ஆயாவிடம் உட்கார்ந்து கேட்டேன், அங்க முன்னாடி என்ன இருந்தது என்று. விரல் மடக்கிச் சொல்லிக்கொண்டே போனது: காசான், வீரை, காரை, களா, சூரை, உசில், இரும்புளி, காட்டு எலுமிச்சை, நுணா, விராலி, ஈச்சம்புதர், நன்னாரிக்கொடி... இருபத்திரண்டு பெயர் எழுதிக்கொண்டேன். அதில் எது ஆடு தின்னும், எது கழிசலுக்கு, எது ஏர்க்கலப்பைக்கு, எது பிள்ளைகளுக்குப் பழம் என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு வரி. பதிவேட்டில் ஒரே சொல். எங்கள் பக்கத்து இருளர் குடியிருப்பில் கேட்டபோது அந்தப் பட்டியல் இன்னும் நீண்டது. வேருக்கும் தேனுக்கும் எலிக்கும் ஈசலுக்கும் இந்தப் புதர்க்காட்டை நம்பியிருந்த சனம் அது. பட்டா இல்லாத மனிதர்களும் பட்டா இல்லாத மரங்களும் ஒரே புறம்போக்கில் வாழ்ந்திருக்கிறார்கள். புதர் போனதும் அவர்களுக்கு மிஞ்சியது செங்கல் சூளையும் முன்பணமும்.

*

விதைக்கு எங்கே போவது? கிழக்குக் கடற்கரைச் சாலையில் கீழ்ப்புத்துப்பட்டு மஞ்சனீஸ்வரர் அய்யனார் கோயிலைச் சுற்றி ஒரு காடு நிற்கிறது. புதுவைப் பல்கலைக்கழகத்துத் தாவரவியலாளர்கள் அளந்து எழுதியிருக்கிற காடு. ரோட்டிலிருந்து இறங்கி நூறு அடி நடந்தால் வெளிச்சம் மாறுகிறது, காலடியில் சருகு அமுங்குகிறது. ஆயா சொன்ன பெயர்களில் பல அங்கே உயிரோடு இருக்கின்றன. கோயில்காடு என்றதும் ‘நம் முன்னோர்களின் ஞானம்’ என்று உருகுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: காத்தது சாமி பயம். எந்தச் சாமி, எந்தக் காட்டுக்குள் யாரை விட்டது, யாரை வாசலில் நிறுத்தியது என்பதை ஊருக்கு ஊர் கேட்டுத்தான் தெரிந்துகொள்ள முடியும். பொங்கல் வைக்கிற கூட்டத்தின் பிளாஸ்டிக்கும் சிமெண்டுத் தளமும் இப்போது அந்தப் பயத்தைவிட வலுவாக இருக்கின்றன.

இன்னொரு இடம் ஆரோவில். வானூர் வட்டத்து மேட்டில் 1968 பிப்ரவரி 28இல் தொடங்கியபோது அது பெரும்பாலும் மொட்டைச் செம்மண், மழைக்கு அரித்து அரித்து ஓடைப்பிளவுகளாகக் கிடந்த நிலம். ஒரு பெருமழைக்குக் கடலோரத் தண்ணீர் சிவந்துபோகும் என்று வயசானவர்கள் சொல்வார்கள். முதலில் வரப்பு போட்டு நீரை நிறுத்தினார்கள், ஆஸ்திரேலிய அகேசியா மாதிரி சீக்கிரம் வளர்கிறதை நட்டு நிழல் உண்டாக்கினார்கள், பிறகு கோயில்காடுகளிலிருந்து விதை பொறுக்கி அந்த நிழலில் உள்ளூர் மரங்களை வளர்த்தார்கள். பிச்சாண்டிகுளம் காட்டைப் பார்த்தால் இது முடியாத காரியம் இல்லை என்று தெரியும். ஆரோவில் மீது நமக்கு இருக்கிற விமர்சனங்களை நான் விட்டுக்கொடுக்கவில்லை. குழி தோண்டின கைகள் குயிலாப்பாளையத்து, இடையஞ்சாவடிக் கைகள், புத்தகத்தில் வருகிற பெயர்கள் வேறு. ஆனாலும் விமர்சனம் இருக்கிறது என்பதற்காக அந்த மண்ணில் கற்றதை வேண்டாம் என்று சொல்வது நமக்குத்தான் நஷ்டம்.

இரண்டாம் வருஷம் முறையை மாற்றினோம். ஒரு கோடைமழை விழுந்து தரை சற்று இளகிய நேரம் பார்த்து டிராக்டரில் கொழு மாட்டித் தரையைச் சரிவுக்குக் குறுக்காகக் கிழித்தோம், ஒன்றரை முழ ஆழம். செங்குத்துச் சுவரை இரண்டு பக்கம் சரித்தோம், பிள்ளைகள் விழுந்தாலும் ஏறி வருகிற மாதிரி. பள்ளத்தின் ஒரு மூலையை மட்டும் குட்டையாக விட்டுவிட்டோம். எல்லாப் பள்ளத்தையும் மூடவேண்டும் என்பது அவசியமில்லை. நீருக்கும் பறவைக்கும் ஒரு மூலை வேண்டும். கிழித்த சாலில் ஏரி வண்டலும் புற்றுமண்ணும் ஆட்டுப்புழுக்கையும் போட்டோம். புத்துப்பட்டில் கேட்டு வாங்கிய ஒரு கூடைச் சருகுமண்ணைக் குழிக்கு ஒரு பிடி. எரு என்று நினைத்து அல்ல, உறைமோர் மாதிரி. அந்தப் பூஞ்சை அதில்தான் வரும்.

முதலில் மரமே நடவில்லை. கொழுஞ்சி விதைத்தோம், இங்கே விவசாயிகள் தழையுரத்துக்குப் போடுவதுதான், காற்றிலிருந்து தழைச்சத்தை இழுத்து மண்ணில் சேர்க்கும். ஆவாரையும் விராலியும் கூட. ஆவாரையும் தழைச்சத்து பிடிக்கும் என்று நான் நம்பிக்கொண்டிருந்தேன். அதன் வேரில் முடிச்சே கிடையாது. ஆனாலும் ஆடு தொடாது, நிழல் தரும், சருகு உதிர்க்கும். அந்த மட்டில் சரி. ஐப்பசி மழைக்கு உசில், விடத்தலை, வெள்வேல். அவற்றின் அடியில்தான் காசானும் வீரையும். நாவல், வேம்பு மாதிரி விதைகள் பொறுக்கிய சில வாரங்களிலேயே முளைப்பு இழந்துவிடும், வாங்கி வைத்துக்கொண்டு அக்டோபரில் போட முடியாது. ஆடியிலேயே பையில் போட்டு முளைக்கவைத்துக் கொள்ளவேண்டும். விரைவில் உயரமாகட்டும் என்று பெரிய கன்றுகளை வாங்கி நடுவதும் வீண். சின்னக் கன்று வேரை முதலில் இறக்கும், பிறகுதான் தலையைத் தூக்கும்.

இந்தக் காட்டு மரங்களில் பெரும்பாலானவை சதைப்பழம் தருபவை. விதையைக் கொண்டு போகிறவர்கள் சின்னான் குருவி, மைனா, குயில், மரநாய். எனவே பட்டுப்போன கிளைகளை வெட்டிப் பள்ளத்தில் ஆங்காங்கே நட்டோம். “செத்த மரத்த எதுக்குடா நடுறானுங்க” என்று ஊரில் நல்ல சிரிப்பு. குருவி உட்கார்ந்து எச்சம் போட்ட இடத்தில் அடுத்த மழைக்கு நாங்கள் நடாத களாவும் சூரையும் முளைத்தன.

வேலிகாத்தானை என்ன செய்வது என்று எல்லோரும் கேட்பார்கள். ஒரே நாளில் ஜேசிபி விட்டுப் பிடுங்கினால் மறுபடி மொட்டைத்தரை, மறுபடி முதலில் வருவதும் அதேதான். நிழல் மரம் மேலே வர வர வெட்டிக்கொண்டே போகிறோம். விறகாகப் போகிறது. அதுவும் பெண்கள் தலைச்சுமைக்கு வேண்டியிருக்கிறது.

*

நாலு ஏக்கர் பள்ளத்துக்கு இத்தனை பாடு என்றால், எடுக்கும்போதே ஒரு காரியம் செய்திருக்கலாம். மேலே இருந்த அந்த ஒரு சாண் மண்ணைத் தனியாக வழித்து, உயரக் குவிக்காமல் தாழ்வாகப் பரப்பி ஓரத்தில் வைத்து, வேலை முடிந்ததும் திரும்பப் போர்த்தியிருந்தால் விதையும் பூஞ்சையும் மக்கும் பாதியாவது தப்பியிருக்கும். அனுமதிக்கான காகிதங்களில் இருப்பது பள்ளத்தைச் சுற்றி ஏழரை மீட்டர் விடு, அதில் மரக்கன்று நடு என்கிற வாசகம். பள்ளத்துக்குச் சட்டம் போட்டுவிட்டு அந்தச் சட்டத்துக்குப் பச்சை பூசுகிறார்கள்.

சட்டம் எதைக் கணக்கில் எடுக்கிறது என்பதற்கு வானூர் வட்டத்துப் பூத்துறை செம்மண் குவாரி வழக்கு நல்ல உதாரணம். அனுமதித்த அளவை மீறி எடுத்ததாக 2012இல் பதிவான வழக்கு. இரண்டரை லட்சம் லாரி லோடுக்கு மேல், அரசுக்கு 28 கோடி ரூபாய்க்கு மேல் இழப்பு என்பது குற்றச்சாட்டு. குற்றம் நிரூபணமாவது நீதிமன்றத்தின் பாடு. என் கவனம் ‘இழப்பு’ என்கிற சொல்மீது. இழந்தது அரசு, இழந்தது பணம். மண்ணின் இழப்பு, கிணற்றின் இழப்பு, மேய்ச்சலின் இழப்பு, இவற்றைக் குறிக்க அந்தச் சொல்லாடலில் இடமே இல்லை. அனுமதிக்கப்பட்ட அளவுக்குள் எடுத்திருந்தால் இழப்பே கிடையாது என்று ஆகிவிடுகிறது.

2012இலேயே உச்சநீதிமன்றம் தீபக் குமார் வழக்கில், ஐந்து ஹெக்டேருக்குக் குறைந்த சிறு குவாரிகளுக்கும் சுற்றுச்சூழல் அனுமதி வேண்டும் என்று சொன்னது. நாலு ஏக்கர் நாலு ஏக்கராகத் துண்டுபோட்டுத் தப்பிக்கிற வழியை அடைக்கப் பார்த்த தீர்ப்பு. 2020 மார்ச்சில், நாடு கொரோனாவில் கதவடைத்துக் கிடந்த வாரத்தில், மைய அரசு ஓர் அறிவிக்கை போட்டு, சாலை, குழாய் போன்ற நீளவாக்குத் திட்டங்களுக்கு எடுக்கும் ‘சாதாரண மண்’ணுக்கு அந்த அனுமதியே வேண்டாம் என்றது. 2024 மார்ச் 21இல் உச்சநீதிமன்றம் அந்த விலக்கை ரத்து செய்தது. எவ்வளவு மண், எங்கே, எந்த முறையில் என்று எதையும் வரையறுக்காத விலக்கு என்பது அதன் காரணங்களில் ஒன்று. நடுவில் நாலு வருஷம். நாற்கர சாலைகள் குறுக்கும் நெடுக்குமாகப் போகிற விழுப்புரம் மாவட்டத்தில் நாலு வருஷம் என்றால் என்னவென்று விளக்க வேண்டியதில்லை. ‘சாதாரண மண்’ என்ற சொற்சேர்க்கையையும் ‘தரிசு’க்குப் பக்கத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்.

*

இப்போது மூன்றாம் வருஷம். காசான் நாற்பத்தொன்று உயிரோடு இருக்கிறது, உயரம் ஒரு சாண். வீரை அதைவிடக் குட்டை. இவை மரமாவதைப் பார்க்க எனக்கு வயசு போதாது. உசில் மட்டும் ஆள் உயரம் வந்துவிட்டது.

பச்சை தெரிய ஆரம்பித்ததும் பள்ளத்துக்கு உரிமைக்காரர்கள் வர ஆரம்பித்திருக்கிறார்கள். குப்பை கொட்ட இடம் வேண்டும் என்று ஒரு பேச்சு. ‘பசுமைப் பூங்கா’ என்று கம்பிவேலி போட்டு கேட் வைத்துப் பூட்டலாம் என்று இன்னொரு பேச்சு. இரண்டாவது பேச்சுக்குத்தான் நான் அதிகம் பயப்படுகிறேன், ஏனென்றால் அதை எதிர்ப்பது கஷ்டம். ஊர்க் காலனியிலிருந்து சில இளைஞர்கள் கேட்கிறார்கள்: சரிசெய்த நிலத்தில் எங்களுக்கு மனைக்கட்டு உண்டா? அந்தக் கேள்விக்கு என்னிடம் உடனடிப் பதில் இல்லை. கேள்வி நியாயமானது. மேற்குப் பக்கம் மேட்டில் வெட்டாமல் விட்ட முக்கால் ஏக்கரை மனைக்கு ஒதுக்கக் கேட்டும், பள்ளத்தை மேய்க்காலாகவே பதிவு செய்யக் கேட்டும் சேர்த்து ஒரே தீர்மானமாக அக்டோபர் 2 கிராமசபையில் வைக்கப்போகிறோம். தனித்தனியாக வைத்தால் எங்களையே எங்களுக்கு எதிராக நிறுத்திவிடுவார்கள்.

ஆயாவுக்குத் தீர்மானமெல்லாம் பொருட்டில்லை. போன வாரம் வந்து நின்று, “ஆட்டுக்கு வழி எங்க வாத்தியாரே?” என்று கேட்டது. கிழக்கு வரப்பை ஒட்டி மூன்று முழ அகலம் விட்டிருப்பதைக் காட்டினேன். “நாலா வுடு” என்றது. காசான் வரிசையில் ஒன்றைப் பிடுங்கி உள்ளே தள்ளி வைக்க வேண்டியிருக்கிறது. மழை வரட்டும் என்று இருக்கிறேன்.